பழையாறைப் பள்ளிப்படை

மாண்டோரைப் பள்ளிப்படுத்த இடம் தொழுவதற்கு ஆகாது என்று தயங்கும் அன்பர் இன்றும் உளர். சோழ வேந்தர் அவ்வாறு எண்ணினாரல்லர். தொண்டைமானாற்றூரில் துஞ்சிய ஆதித்தனுக்கு மகன் முதற் பராந்தகனும், ஆற்றூரில் துஞ்சிய அரிஞ்சயனுக்கு மேல்பாடியில் பெயரன் முதல் இராசராசனும் பள்ளிப்படைகளைச் சிவாலயங்களாகவே எடுத்தனர். அரிஞ்சிகை ஈச்சரமாய்த் தோன்றிய மேல்பாடிக் கோயில் இந்நாளில் சோழேச்சரம் எனப்படுகிறது.

இவற்றினும் நெஞ்சை உருக்குவது பட்டீச்சரத்தை அடுத்த பழையாறைக் கோயிலாகும். கி.பி. 1012 முதல் 1044 வரை ஆண்ட முதல் இராசேந்திரன், ஈன்ற தாய் வானவன்மாதேவிக்கன்று, சிற்றன்னை பஞ்சவன்மாதேவிக்கு எடுப்பித்தது அது. மாற்றாந்தாய் என்றாலே கொடுமையை நினைக்கும் உலகம் இதனை அறிதல் நன்று! பஞ்சவன்மாதேவீச்சரமான பள்ளிப்படை என்று கல்வெட்டு வெளிப்படவே கூறும். இலகுளீச பண்டிதர் பெயரும் அதில் வருகிறது. வெண்ணீறு பூசிய பாசுபத நெறியினர் ஈமப்புறத்தை அஞ்சாதவரன்றோ?

1279-க்குப் பின் சோழர் ஆட்சி மறைந்தது. பழையாறை மாளிகைகளும் மண்ணாயின. அரசியின் பெயர் ஊரார் நாவினின்று அகல, கோயில் 'இராமநாதன் கோயில்' ஆயிற்று. பள்ளிப்படை என்று அறியாமலே தலைமுறை தலைமுறையாக மக்கள் அங்கே சிவலிங்கத்தை வணங்கினர். அரசியின் பெயரைச் சுவர்க் கல்லெழுத்தே காத்து நின்றது.