சீமையிலிருந்து மாவட்டம் வரை – 9
காத்தம நாச்சியாரின் வழக்கு

கண்டரமாணிக்கத்தில் ஒரு வீட்டுப் பழைய பத்திரக் கட்டை அவிழ்த்தால் வேடிக்கையாக இருக்கும். ஊர் இருந்த இடத்திலேயே இருக்கிறது. மேல்விலாசம்தான் ஓயாமல் மாறுகிறது. 1910-க்கு முன் மதுரை ஜில்லா. பிறகு இராமநாதபுரம் ஜில்லா. 1985-ல் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டம். 1997 முதல் சிவகங்கை மாவட்டம்.

அந்த 1910-ஐத்தான் இந்த வாரம் சொல்வதாக இருந்தது. ஆனால் வழியில் ஒரு நாச்சியார் நிற்கிறார். அவரைக் கும்பிட்டுவிட்டு நகர முடியவில்லை.

மருதிருவர் 1801 அக்டோபரில் திருப்பத்தூரில் தூக்கிலேறிய கதை வாசகர்களுக்குத் தெரிந்ததே. அவர்களுக்குப் போட்டியாகக் கும்பெனியார் கொண்டுவந்து நிறுத்தியவர் படமாத்தூர் கௌரி வல்லபத் தேவர். சிவகங்கை ஜமீன் அவர் கைக்கு வந்தது. அவரை வீரர் வரிசையில் சேர்க்க மனம் ஒப்பவில்லை. அதிர்ஷ்டக்காரர் என்பதோடு விட்டுவிடலாம்.

1829-ல் அவர் இறந்தார். மனைவியர் ஏழு பேர். ஆண் வாரிசு ஒன்றுகூட இல்லை. அண்ணன் ஒய்யாத் தேவர் வழியினர் உடனே ஜமீனில் உட்கார்ந்துகொண்டார்கள். கூட்டுக் குடும்பச் சொத்து, ஆகவே ஆண் பங்காளிக்கே என்பது அவர்கள் வாதம். முதலில் மனைவி அங்கமுத்து நாச்சியார் கோர்ட்டுக்குப் போனார். அவர் காலத்துக்குப் பின் கௌரி வல்லபரின் மகள் காத்தம நாச்சியார் விடவில்லை. ஜில்லா கோர்ட், சென்னை, கடைசியில் கடல் தாண்டி லண்டன் பிரிவி கவுன்சில்.

1863-ல் தீர்ப்பு வந்தது. குடும்பம் பிரியாமலே இருந்திருக்கலாம்; ஆனால் ஜமீன் கௌரி வல்லபரின் சுயார்ஜிதம். கும்பெனி அவருக்கென்றே கொடுத்தது. ஆகவே மனைவிக்கு, பிறகு மகளுக்கு. மருதுவை ஒழிக்கக் கும்பெனி நீட்டிய ஜமீன் உரிமையைப் பிடித்துக்கொண்டே ஒரு மகள் பங்காளிகளை வென்றார்! சட்டக் கல்லூரிகளில் இன்றும் ‘சிவகங்கை வழக்கு’ என்றால் இதுதான்.

இடம் தீர்ந்துவிட்டது. 1910-ஐச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மதுரையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் பகுதிகளைக் கிள்ளியெடுத்து இராமநாதபுரம் ஜில்லாவை உருவாக்கினார்கள். பெயர்தான் இராமநாதபுரம், கலெக்டர் கச்சேரியோ மதுரையில். கண்டரமாணிக்கத்துக்காரர் தம் ஜில்லா கலெக்டரிடம் மனுக் கொடுக்க அடுத்த ஜில்லாவுக்குப் போகவேண்டியிருந்தது. அந்தக் கூத்து அடுத்த வாரம்.