எண்ணெய் மாற்றிய தேதி

மதுரையில் 1911-ல் டி.வி. சுந்தரம் அய்யங்கார் பஸ் நடத்தத் தொடங்கினார். டி.வி.எஸ். பஸ்ஸைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக் கொண்ட கதையைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டு எனக்கு அலுத்தே விட்டது. ஆனால் அந்தப் பெருமையில் பாதி பட்டறையைச் சேர்ந்தது. இரண்டாம் உலக யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமற் போனபோது, கரிவாயுவில் வண்டி ஓட்டும் கருவியையே அவர்கள் செய்தார்கள். வண்டியும் பட்டறையும் ஒருவருடையதாக இருந்தபடியால், பழுது யாரால் வந்தது என்ற வழக்கே எழவில்லை.

வழக்கு எழுந்தது, நாமெல்லாம் வண்டி வாங்கிய பிறகு. 'வெளியே கை வைத்தால் கியாரண்டி போயிற்று' என்று கார் விற்கிறவர்கள் மிரட்டுவார்கள். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளிப்பட்டறைக்குப் போனதற்காகவே கியாரண்டியை மொத்தமாக ரத்துச் செய்யலாகாது. அங்கே செய்த வேலையால் கெட்டதற்கு மட்டும் மறுக்கலாம் என்றது. கம்பெனிகள் அப்பீலுக்குப் போயின.

வெளிப்பட்டறைக்காரனுக்காவது பில் உண்டு. சொந்தக் கையால் செய்தவன் எதைக் காட்டுவான்?

திருமங்கலத்துச் சிநேகிதர் ஒருவர் தாமே எண்ணெய் மாற்றுவார். தேதி, ஓடிய கிலோமீட்டர், எண்ணெயின் ரகம் எல்லாம் நாற்பது பக்க நோட்டில் எழுதி, வாங்கிய பில்லையும் குண்டூசியால் குத்தி வைப்பார். நாங்கள் கேலி செய்வோம். ஒருநாள் இஞ்சின் இறுகிவிட்டது. விற்றவர் கையை விரித்தார். சிநேகிதர் நோட்டை மேஜைமேல் வைத்தார். மானேஜர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒரு பில்லை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கூடப் பார்த்தார். பிறகு பிஸ்டனை மாற்றிக் கொடுத்தார்கள். கூலி மட்டும் கேட்டார்கள்.

அதையும் நோட்டில் எழுதிக் கொண்டுதான் வந்தார்.