பிலடெல்பியா திட்டம்: அமெரிக்கப் பொதுப்பணிக் கட்டுமானத்தில் சமவாய்ப்பு

அமெரிக்க அரசின் பணத்தில் நடக்கும் கட்டுமானப் பணிகளில் கறுப்பினத்தவருக்கும் பிற சிறுபான்மையினருக்கும் திறன் தொழில்களில் இடம் கிடைக்கச் செய்ய 1969இல் நடைமுறைக்கு வந்த ஏற்பாடு பிலடெல்பியா திட்டம். அரசு வேலையை எடுக்கும் ஒப்பந்தக்காரர், ஒவ்வொரு தொழிலிலும் எத்தனை விழுக்காடு சிறுபான்மையினரை அமர்த்துவது தன் இலக்கு என்பதை டெண்டரிலேயே எண்ணால் எழுதித் தர வேண்டும் என்பது அதன் சாரம். பாகுபாடு காட்டக் கூடாது என்ற விதி அதற்குப் பல ஆண்டுகள் முன்பே அரசு ஒப்பந்தங்களில் இருந்தது. எண் இல்லாத அந்த விதியால் கட்டுமானத் தளங்களில் பெரிதாக எதுவும் மாறவில்லை.

கட்டுமானத் தொழிலின் அமைப்பே இதற்குக் காரணம். ஒரு தொழிற்சாலைக்கு நிலையான வேலையாட்கள் உண்டு. யார் சேர்க்கப்பட்டார், யார் விலக்கப்பட்டார் என்று கணக்குப் பார்க்கலாம். கட்டுமான ஒப்பந்தக்காரருக்கோ வேலை கிடைக்கும்போதுதான் ஆட்கள் தேவை. அமெரிக்காவின் பெரிய நகரங்களில் அந்த ஆட்களை அனுப்பி வைத்தது தொழிற்சங்க அலுவலகம். ஒப்பந்தக்காரர் கேட்பார், சங்கம் தன் பட்டியலிலிருந்து அனுப்பும். ஏன் எல்லாரும் வெள்ளையர் என்று கேட்டால், சங்கம் அனுப்பியவர்கள் இவர்கள்தான் என்பார் அவர். சங்கத்தில் சேர அப்ரன்டிஸாகப் பழக வேண்டும். அந்த இடம் பெரும்பாலும் உறுப்பினரின் மகனுக்கோ தம்பிக்கோ மருமகனுக்கோ போனது. கலவை சுமப்பது, குழி தோண்டுவது போன்ற குறைந்த கூலி வேலைகளில் கறுப்பினத்தவர் ஏராளம். பிளம்பர், எலக்ட்ரீஷியன், இரும்புச் சட்டகம் பொருத்துபவர் என்று நல்ல கூலி தரும் தொழில்களில்தான் கதவு அடைத்திருந்தது. வேலை மறுக்கப்பட்டவர் புகார் கொடுத்து, அது விசாரிக்கப்பட்டு முடிவதற்குள் கட்டடம் எழும்பி ஆட்கள் கலைந்துவிடுவார்கள்.

எண்ணை முதலில் பயன்படுத்திப் பார்த்தது 1930களின் பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில். அப்போது உள்துறைச் செயலராக இருந்த ஹெரால்ட் இக்கஸ் பொதுப்பணி நிர்வாகத்தையும் கவனித்துவந்தார். அவருடன் பணியாற்றிய இளம் பொருளாதார அறிஞர் ராபர்ட் வீவர், வீட்டுவசதித் திட்ட ஒப்பந்தங்களில் ஒரு புதிய நிபந்தனை இடம்பெற வழிசெய்தார். 1930ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி ஓர் ஊரில் எத்தனை கறுப்பினத் திறன் தொழிலாளர்கள் இருந்தார்களோ, அதற்கு ஏற்ற பங்கு கூலி அவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் அதுவே பாகுபாட்டுக்கு முதல்நோக்குச் சான்றாகக் கொள்ளப்படும். யாருடைய மனத்தில் என்ன வெறுப்பு இருந்தது என்று நிரூபிக்க வேண்டிய சுமையை இந்த நிபந்தனை நீக்கியது. கூலிப் பட்டியலைப் புரட்டினால் போதும். பின்னாளில் வந்த எல்லாத் திட்டங்களுக்கும் வித்து இங்கேதான் இருக்கிறது. வீவர் 1966இல் அமெரிக்க அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் கறுப்பினத்தவரானார்.

1930களுக்கு அடுத்த கால் நூற்றாண்டில் குடியரசுத் தலைவர்கள் பிறப்பித்த ஆணைகள் எண் என்ற இந்தக் கருவியைக் கையில் எடுக்கவில்லை. தொழிலாளர் தலைவர் ஏ. பிலிப் ராண்டால்ஃப் வாஷிங்டனில் பேரணி நடத்தப்போவதாக அறிவித்ததும், ரூஸ்வெல்ட் 1941 ஜூன் 25இல் 8802ஆம் ஆணையைப் பிறப்பித்தார். பாதுகாப்புத் தளவாடத் தொழிலில் பாகுபாட்டை அது தடைசெய்தது. ட்ரூமனும் ஐசன்ஹோவரும் குழுக்கள் அமைத்தார்கள். கென்னடியின் 1961ஆம் ஆண்டு ஆணை, பாகுபாடு காட்டாமல் இருந்தால் மட்டும் போதாது, முன்வந்து நடவடிக்கையும் எடுக்க வேண்டும் என்று ஒப்பந்தக்காரர்களைக் கேட்டது. எது போதுமான நடவடிக்கை என்று அதில் வரையறை இல்லை.

1963இல் போராட்டம் தெருவுக்கு வந்தது. பிலடெல்பியாவின் ஸ்ட்ராபெரி மேன்ஷன் பகுதியில் பொதுப்பணத்தில் கட்டப்பட்டுவந்த ஒரு பள்ளியின் வாசலை, சிசில் மூர் தலைமையில் கறுப்பின மக்கள் மறித்தார்கள். தங்கள் பிள்ளைகள் படிக்கப்போகும் பள்ளியைத் தங்கள் வரிப்பணத்தில் கட்டுகிறார்கள், அதில் தங்களுக்கு வேலை இல்லை என்பதே அவர்களின் வாதம். அதற்கு யாராலும் மறுமொழி சொல்ல முடியவில்லை. அதே கோடையில் நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு மருத்துவ மையக் கட்டுமானத்தை மறித்த நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். அவர்களில் தேவாலயப் போதகர்களும் இருந்தார்கள். 1963 ஜூன் 22இல் கென்னடி பிறப்பித்த 11114ஆம் ஆணை, கூட்டாட்சி அரசு நேரடியாகக் கட்டும் கட்டடங்களோடு நிற்காமல், அதன் நிதியுதவி பெறும் எல்லாக் கட்டுமானங்களுக்கும் விதியை விரித்தது. பள்ளி, மருத்துவமனை, நெடுஞ்சாலை எல்லாம் இதனால் உள்ளே வந்தன. இந்த வரலாற்றில் போதிய கவனம் பெறாத ஆணை இதுதான் என்று சொல்லலாம்.

செயின்ட் லூயிஸ் நகரில் கூட்டாட்சிப் பணத்தில் எழுந்துகொண்டிருந்த மாபெரும் வளைவுச் சின்னத்தின் ஒரு காலில், 1964 ஜூலை 14இல் பெர்சி கிரீன் என்ற இளைஞர் தோழர் ஒருவருடன் ஏறி, தரையிலிருந்து 125 அடி உயரத்தில் பல மணிநேரம் நின்றார். திறன் வேலைகளில் கறுப்பினத்தவரைச் சேர்க்க வேண்டும் என்பது கோரிக்கை. அவ்வாறு சேர்க்கப்பட்ட கறுப்பின பிளம்பர்களோடு வேலை செய்ய மாட்டோம் என்று 1966இல் சங்கத்தினர் தளத்தைவிட்டு வெளியேற, விவகாரம் நீதிமன்றம் போனது.

குடியரசுத் தலைவர் ஜான்சனின் 11246ஆம் ஆணை 1965 செப்டம்பர் 24இல் வந்தது. ஒப்பந்தக்காரர்களைக் கண்காணிக்கும் பொறுப்பு அதனால் தொழிலாளர் துறைக்கு மாறியது. 1967இல் பிலடெல்பியாவில் இருந்த கூட்டாட்சி அதிகாரிகள் முதல் திட்டத்தை வகுத்தார்கள்: குறைந்த விலை கோரிய ஒப்பந்தக்காரர், வேலை உறுதியாகும் முன், எத்தனை சிறுபான்மையினரை அமர்த்துவார் என்று சொல்ல வேண்டும். தலைமைக் கணக்காயர் எல்மர் ஸ்டாட்ஸ் 1968இல் இதைத் தடுத்தார். டெண்டர் கேட்கும்போதே நிபந்தனை என்ன என்று தெளிவாகச் சொல்லாமல், பிறகு பேரம் பேசுவது முறையல்ல என்றார். கணக்குத்துறையின் நோக்கில் அது சரியான ஆட்சேபணைதான். அதற்கு விடை தேடும்போதுதான் திட்டத்துக்குள் திட்டவட்டமான எண்கள் நுழைந்தன.

அந்த எண்களை நுழைத்தவர் ஆர்தர் ஃபிளெச்சர். பால்டிமோர் கோல்ட்ஸ் அணியில் அமெரிக்கக் கால்பந்து ஆடியவர், குடியரசுக் கட்சிக்காரர், நிக்சன் அரசில் தொழிலாளர் துறைத் துணைச் செயலர். துறைச் செயலர் ஜார்ஜ் ஷுல்ட்ஸின் துணையோடு அவர் 1969 ஜூன் 27இல் திருத்திய திட்டத்தை பிலடெல்பியாவிலேயே அறிவித்தார். ஆகஸ்டில் அங்கே நடந்த விசாரணையில் வெளிவந்த விவரங்களைப் படித்தால் மனம் கொதிக்கும். வட்டாரக் கட்டுமானத் தொழிலாளரில் சுமார் 30 விழுக்காட்டினர் சிறுபான்மையினர். ஆனால் பிளம்பர் சங்கத்தின் 2,335 உறுப்பினர்களில் அவர்கள் 12 பேர். இரும்புச் சட்டகத் தொழிலில் 850க்கு 12. எலக்ட்ரீஷியன்களில் 2,274க்கு 40. லிஃப்ட் பொருத்துவோரில் 562க்கு வெறும் 3.

5 லட்சம் டாலருக்கு மேற்பட்ட வேலைகளில், ஆறு தொழில்களுக்கு ஆண்டுவாரியாக இலக்குகள் வைக்கப்பட்டன. இரும்புச் சட்டகத் தொழிலில் 1970இல் 5 முதல் 9 விழுக்காடு, 1973இல் 22 முதல் 26 விழுக்காடு. இலக்கை எட்ட முடியாதவர், நேர்மையாக முயன்றதைக் காட்டினால் தண்டனை இல்லை. சங்கம் ஆள் அனுப்பவில்லை என்ற பழைய சாக்கு மட்டும் செல்லாது.

நிக்சனின் உள்நோக்கம் தூய்மையானதாகத் தெரியவில்லை. தொழிற்சங்கங்களும் குடிசார் உரிமை இயக்கமும் ஒன்றோடொன்று மோதுவதில் அவருக்கு அரசியல் லாபம் இருந்ததை, அவருடைய ஆலோசகர் ஜான் எர்லிக்மன் பின்னர் தம் நினைவுக்குறிப்பில் பதிவு செய்தார். கட்டடச் செலவு ஏறிக்கொண்டே போனதால், திறன் தொழிலாளர் எண்ணிக்கையைப் பெருக்க வேண்டிய தேவையும் இருந்தது. ஆனால் நோக்கத்தைக் கொண்டு திட்டத்தை எடைபோடுவது ஃபிளெச்சருக்குச் செய்யும் அநீதி. அவர் அதை முழுமனத்தோடு நடத்தினார். சிகாகோவில் அவர் நடத்தவிருந்த விசாரணையை வெள்ளைத் தொழிலாளர்கள் திரண்டு மறித்தபோதும் பின்வாங்கவில்லை.

எண்கள் வந்த பிறகு, 1964ஆம் ஆண்டுக் குடிசார் உரிமைச் சட்டம் இவற்றை அனுமதிக்காது என்று ஸ்டாட்ஸ் மீண்டும் எதிர்த்தார். செனட் அவர் பக்கம் நின்றது. 1969 டிசம்பர் 22இல் பிரதிநிதிகள் சபை 208க்கு 156 என்ற வாக்கில் திட்டத்தைக் காப்பாற்றியது. கிழக்கு பென்சில்வேனியா ஒப்பந்தக்காரர் சங்கம் தொடுத்த வழக்கில், மேல்முறையீட்டு நீதிமன்றம் 1971 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. வேலையாட்களில் ஒரு பகுதியினரை ஒதுக்கிவைத்துக் கட்டினால் அரசுக்குச் செலவும் தாமதமும் கூடும்; ஆகவே பணம் கொடுப்பவர் என்ற முறையில் இப்படி நிபந்தனை விதிக்கக் குடியரசுத் தலைவருக்கு அதிகாரம் உண்டு என்றது தீர்ப்பு. உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்க மறுத்தது.

பிற நகரங்களில் அரசு தளர்ந்தது. ஒப்பந்தக்காரரும் சங்கமும் கறுப்பின அமைப்புகளும் பேசித் தீர்த்துக்கொள்ளும் 'சொந்த ஊர்த் திட்டங்கள்' ஊக்குவிக்கப்பட்டன. அவற்றில் பலவற்றுக்குப் பல் இல்லை. சியாட்டில் வேறு வழியில் போனது. எலக்ட்ரீஷியன் டைரி ஸ்காட்டின் தலைமையில் கறுப்பினத் தொழிலாளர்கள் 1969இல் பல்கலைக்கழகத்திலும் விமான நிலையத்திலும் கட்டுமான வேலைகளை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டே கூட்டாட்சி நீதிபதி அங்கே சங்கங்களின் கதவைத் திறக்க உத்தரவிட்டார். நிக்சனோ 1972 தேர்தலில் ஒதுக்கீட்டை எதிர்ப்பவராக மக்கள்முன் நின்றார்.

ஒப்பந்தக்காரர்கள் சிலர் கண்டுபிடித்த ஏமாற்று வேலை ஒன்று உண்டு. இருக்கிற சில கறுப்பினத் தொழிலாளரை, ஆய்வாளர் வரும் தளத்துக்கெல்லாம் மாற்றி மாற்றி அனுப்புவது. தலைகளை எண்ணாமல் வேலைநேரத்தை எண்ணுவதுதான் இதற்கு மாற்று; பிற்காலத்தில் அதுவே வழக்கமாயிற்று.

பெண்கள் இன்னும் நெடுங்காலம் காத்திருந்தார்கள். 1967லேயே பாலினப் பாகுபாட்டுத் தடையும் 11246ஆம் ஆணைக்குள் சேர்க்கப்பட்டது, ஆனால் கட்டுமானத்தில் அவர்களுக்கு இலக்கு வைக்கப்படவில்லை. 1976இல் பெண்கள் அமைப்புகள் தொழிலாளர் துறைமீது வழக்குத் தொடுத்தன. 1978இல் விதி வந்தது: முதல் ஆண்டு 3.1 விழுக்காடு, அடுத்து 5, மூன்றாம் ஆண்டு 6.9. அந்த 6.9 அதன்பின் உயர்த்தப்படவே இல்லை. இனவாரி இலக்குகளும் 1970 மக்கள்தொகைக் கணக்கை வைத்து 1980இல் குறிக்கப்பட்டபடியே நின்றன. 1980களில் ரீகன் அரசு கண்காணிப்பைச் சுருக்கியது. திறன் தொழில்களில் பெண்களின் பங்கு பல பத்தாண்டுகள் 3 விழுக்காட்டை ஒட்டியே கிடந்தது. எண்ணை எழுதிவைத்துவிட்டுக் கணக்குக் கேட்க ஆளில்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இந்தத் துறையில் இல்லை.

2025 ஜனவரி 21இல் குடியரசுத் தலைவர் டிரம்ப் பிறப்பித்த 14173ஆம் ஆணை, அறுபதாண்டுகளாக நடைமுறையில் இருந்த 11246ஆம் ஆணையை நீக்கியது. கட்டுமான ஒப்பந்தங்களுக்கான கூட்டாட்சி இலக்குகள் சட்ட அடிப்படையை இழந்தன. 1964ஆம் ஆண்டுக் குடிசார் உரிமைச் சட்டம் அப்படியே இருக்கிறது. சில மாநிலங்களும் நகரங்களும் தமக்கென வகுத்த விதிகளும் உண்டு. 1983இல் பாஸ்டன் நகரம் இயற்றிய விதி, நகரத்தவருக்கு 50, சிறுபான்மையினருக்கு 25, பெண்களுக்கு 10 விழுக்காடு வேலைநேரம் என்று குறித்தது. 2017இல் அவை முறையே 51, 40, 12 ஆக உயர்த்தப்பட்டன.