73-ஆம் கோடு: ஒருவரே இருபுறமும் ஆடும் போர்

1991 பிப்ரவரி 26 அன்று தென்கிழக்கு ஈராக்கின் பாலையில் நிகழ்ந்த டாங்கிச் சண்டை ஒன்றுக்கு '73 ஈஸ்டிங்' என்று பெயர். அது ஊர்ப்பெயர் அன்று. ஆற்றின் பெயரும் அன்று. இராணுவ வரைபடத்தில் வடக்குத் தெற்காக ஒரு கிலோமீட்டர் இடைவெளியில் இடப்படும் கோடுகளுள் ஒன்றின் எண். சண்டைக்குப் பெயர் வைக்க அந்த வெளியில் வேறு எதுவும் இருக்கவில்லை. நம் பரணி நூல்கள் தோற்றவர் பெயரால் வழங்குவன. கலிங்கத்துப் பரணி என்னும்போது தோற்ற நாடாவது நினைவில் நிற்கிறது. இங்கே அதற்கும் இடமில்லை.

இச்சண்டையை அறுகோணக் கட்டமிட்ட தாள் வரைபடத்தின்மேல், அட்டைச் சில்லுகளும் பகடையும் கொண்டு எதிராளி இன்றித் தனியே ஆடிப் பார்ப்பதுண்டு நாம். போர் விளையாட்டில் ஈடுபாடு உடையோர்கூட இத்தகைய சண்டைகளை விரும்புவதில்லை. முடிவு முன்பே தெரிந்த ஆட்டத்தில் தோற்கும் பக்கம் அமர யார்தான் இசைவார்? ஆகவே இது தனியாட்டத்துக்கே உரிய சண்டை. தனியே ஆடுபவர் இரு பக்கமும் அமர்ந்தாக வேண்டும்; அந்தக் கட்டாயத்தில்தான் இதன் பயனே இருக்கிறது.

முதலில் வென்றவர் கணக்கு. அன்று மணற்புயல், ஹெலிகாப்டர்களால் துணைக்கு வர இயலவில்லை. அமெரிக்க இரண்டாம் கவசக் குதிரைப்படை ரெஜிமெண்டின் (குதிரை பெயரில் மட்டும்தான்) 'ஈகிள்' அணி, கேப்டன் எச். ஆர். மெக்மாஸ்டர் தலைமையில் 9 ஏப்ரம்ஸ் டாங்கிகளும் 12 பிராட்லி வண்டிகளுமாகக் கிழக்கே நகர்ந்தது. 70-ஆம் கோட்டோடு நிற்க வேண்டும் என்பது மேலிடத்துக் கட்டளை. மாலை நான்கே கால் மணியளவில், கண்ணுக்கே புலப்படாத அளவு தாழ்ந்த ஒரு மேட்டைக் கடந்ததும், எதிரே குடியரசுக் காவற்படையின் தவக்கல்னா டிவிஷனைச் சேர்ந்த டி-72 டாங்கிகள். மெக்மாஸ்டர் கோட்டில் நிற்கவில்லை. 23 நிமிடங்களில் 28 டாங்கிகள், 16 கவச வண்டிகள், 30 லாரிகள் அழிந்தன. ஈகிள் அணியில் ஒருவர்கூட இறக்கவில்லை. 2017-18இல் அமெரிக்க அதிபரின் தேசியப் பாதுகாப்பு ஆலோசகராக இருந்தவர் இதே மெக்மாஸ்டர்தான்.

இனி ஈராக்கியர் பக்கம் அமர்வோம். முதல் சில சுற்றுகளில் செய்வதற்கு ஒன்றுமே இல்லை. எதிரி வருவதை நம் சில்லுகள் அறியா. கை அறியும், சில்லு அறியாது. அமெரிக்கரிடம் வெப்பநோக்கி உண்டு; புழுதிக்கு ஊடாகவும் அது காணும். ஈராக்கியரின் கண்ணுக்கு எதிரே மணல் மட்டும்தான். அவர்கள் பயன்படுத்திய பழைய வகை எஃகுக் குண்டுகள் ஏப்ரம்ஸின் முகக் கவசத்தைத் துளைப்பதற்கு இல்லை. அதற்கும் முன்பு, தரைப்போர் தொடங்குவதற்குள், ஐந்து வாரத்துக்கு மேலாக விமானக் குண்டுகள் விழுந்திருந்தன. டாங்கியே குண்டுக்கு இலக்கு என்று கண்டவர்கள் அதனுள் இருப்பதைத் தவிர்த்துப் பதுங்குகுழிகளில் ஒதுங்கினர். சண்டை தொடங்கியபோது பலர் தம் வண்டியில் இல்லை.

இவ்வளவையும் கண்டபின் 'வேறென்ன நடந்திருக்க முடியும்' என்று சில்லுகளை அள்ளிப் பெட்டியில் போடத் தோன்றும். ஆனால் ஈராக்கியத் தளபதியின் திட்டத்தை ஊன்றிப் பார்த்தால் அது மூடத்தனமானது அன்று என்பது விளங்கும். மேட்டின் மறுசரிவில் டாங்கிகளை நிறுத்தி, உச்சியைத் தாண்டி வருபவனை அருகில் வைத்து அடிப்பது பழைய, நல்ல முறை. கோளாறு செயலில்தான். முன்னே சென்று எச்சரிக்கக் காவல் அணிகள் இல்லை. டாங்கியைத் தரைக்குள் இறக்கிப் புதைக்காமல், நின்ற இடத்தில் சுற்றிலும் மணலைக் குவித்திருந்தார்கள். அந்தக் குவியல் குண்டைத் தடுக்காது. இங்கே ஒரு டாங்கி இருக்கிறது என்று தொலைவிலிருந்தே சொல்லிவிடும்.

போர் முடிந்த கையோடு அமெரிக்கர் இச்சண்டையைக் கணினியில் மீள உருவாக்கினர் என்பது பலரும் அறியாதது. களத்தை அளந்தார்கள், சக்கரத் தடங்களையும் எரிந்த வண்டிகளின் இடங்களையும் குறித்தார்கள், போரிட்டவர்களிடம் விசாரித்தார்கள். அந்தத் தரவுகளை வைத்து 'ஜேனஸ்' என்ற போலிப்போர் நிரலில் மறுபடி மறுபடி ஆடிய ஆய்வின் முடிவுகளை ஸ்டீபன் பிடில் 1996இல் வெளியிட்டார். ஈராக்கியரின் பிழைகளைத் திருத்தினால், அமெரிக்கரின் கருவிகள் அப்படியே இருந்தும் அவர்கள் இழப்பு பெருகியது. பிழைகளை விட்டுவிட்டு வெப்பநோக்கியையும் வான்பலத்தையும் பறித்தாலும் பெருகியது. கருவி மட்டும் வென்றது என்பாருக்கும் வீரம் மட்டும் வென்றது என்பாருக்கும் இதில் மகிழ ஒன்றுமில்லை. பிழை செய்தவனை அந்தக் கருவி மன்னிக்கவில்லை என்பதே பிடிலின் வாதம். நம் அட்டைச் சில்லுகளும் ஏறத்தாழ இதையே சொல்கின்றன. காவல் சில்லுகள் இரண்டை மூன்று கிலோமீட்டர் முன்னே வைத்து, டாங்கிகளை முறையாகப் புதைத்தால், ஈராக்கியர் வெல்வதில்லைதான். ஆனால் 23 நிமிடத்தில் முடிவதும் இல்லை. ஏப்ரம்ஸ் சில்லுகளும் எரிகின்றன.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த மீளுருவாக்கத்தில் அமெரிக்கப் பக்கத்துக்கு மனிதர்கள் சாட்சி. ஈராக்கியப் பக்கத்துக்குப் பெரும்பாலும் இரும்பே சாட்சி. எந்த வண்டி எங்கே எரிந்தது என்பது தெரியும். அதில் இருந்தவர் என்ன எண்ணியிருந்தார் என்பதை எரிந்த வண்டி சொல்லாது.

ஈகிள் அணிக்கு வடக்கே நின்ற 'கோஸ்ட்' அணியின் சண்டையை ஆட முற்படும்போது இக்குறை நேராக வந்து முட்டுகிறது. மாலை தொடங்கி இரவுவரை ஈராக்கிய வண்டிகளும் காலாட்களும் அலையலையாக அந்த அணிமேல் வந்தனர். அங்கே பிராட்லி ஒன்றிலிருந்த அமெரிக்கர் ஒருவர் இறந்தார். வந்தவர்கள் எதிர்த்தாக்குதல் தொடுத்தார்களா, அன்றிப் பின்வாங்கிச் செல்லும் வழியில் அமெரிக்கர் நிற்பது அறியாமல் வந்து மோதினார்களா என்பதில் எழுதப்பட்ட கணக்குகள் ஒத்துப்போவதில்லை. வரலாற்றாசிரியர் இரண்டையும் எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போகலாம். ஆட்டத்தில் அது இயலாது. சில்லை நகர்த்துமுன் அதற்கு ஓர் இலக்கு வேண்டும்: மேட்டைப் பிடிக்க வேண்டுமா, வரைபடத்தின் வட விளிம்பைத் தாண்டி உயிரோடு வெளியேற வேண்டுமா? முதலாவது என்று வைத்தால் ஈராக்கியர் எல்லாச் சுற்றிலும் தோற்கிறார்கள். இரண்டாவது என்று வைத்தால், இருளில் சில வண்டிகள் விளிம்பைக் கடந்துவிடுகின்றன. வெற்றிப் புள்ளிகள் அவர்கள் பக்கம் ஏறுகின்றன. நாம் இப்போதெல்லாம் இரண்டாவதையே வைத்து ஆடுகிறோம்.