கொழும்பில் டெங்கு: காவலை ஏய்த்த வைரசின் வரலாறு

கொள்ளை நோய்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் இறந்தோர் தொகையையும் அரசினரின் நடவடிக்கைகளையும் கூறி அமைவர். நோயை விளைக்கும் கிருமிக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதை அவர்கள் கருதுவதில்லை. கொழும்பு மாநகரின் டெங்கு வரலாறோ அதனை விடுத்து விளங்கிக்கொள்ளத் தக்கதன்று.

இலங்கையில் டெங்குத் தொற்று 1962 இல் ஆய்வுகூடச் சோதனையால் உறுதிசெய்யப்பட்டது. 1965 முதல் 1968 வரை குருதிப்பெருக்குடன் கூடிய டெங்குக் காய்ச்சலுக்கு 51 பேர் ஆளாயினர்; 15 பேர் மாண்டனர். அதன்பின் இரு தசாப்தங்கள் அக்கொடிய வடிவம் அரிதாகவே காணப்பட்டது. 1989 இல் நிலைமை மாறியது. 200 பேருக்கு மேல் நோயுற்றனர். 20 பேர் உயிரிழந்தனர்.

இதற்கு நுளம்பே காரணம் எனக் கூறிவிடுதல் எளிது. கொட்டாஞ்சேனையின் நெருங்கிய தோட்டக் குடியிருப்புகளிலும் வெள்ளவத்தையின் மாடிமனைகளிலும் அது பெருக இடமுண்டு. டெங்கு நுளம்பு கால்வாயின் கழிவுநீரை நாடுவதில்லை. கூரைப் பீலியிலும் பூச்சாடியிலும் தேங்கும் தெளிந்த நீரையே நாடும். ஆயின், 1989 இற்கு முன்னரும் நுளம்பு இருந்தது. டெங்கு வைரசின் நான்கு வகைகளும் இங்கு உலாவின. அவ்வாறாயின் புதிதாய் வந்தது யாது? மூன்றாம் வகை வைரசின் மரபுக்கூற்றை ஆராய்ந்தோர், 1989 தொட்டுப் பெறப்பட்டவை முன்னையவற்றினின்றும் வேறான கிளையைச் சேர்ந்தவை எனக் கண்டனர்.

இவ்வைரசு உடலின் காவலை ஏய்க்கும் திறம் வியப்புக்குரியது. தொற்றுக்குள்ளான கலம் இன்டர்பெரோன் என்னும் புரதத்தைச் சுரந்து அயற்கலங்களை எச்சரிப்பது இயல்பு. டெங்கு வைரசின் நொதியமொன்று அவ்வெச்சரிக்கையைத் தூண்டும் புரதத்தையே துண்டிக்கின்றது என்பது 2012 இல் வெளியாயிற்று. வேறொரு வைரசுப் புரதம், எச்சரிக்கையை ஏற்றுக் கலத்தினுள் கடத்தும் புரதத்தை அழிக்கின்றது. தொற்றிய கலம் தன்னைத் தானே மாய்த்துக்கொள்வது உடலின் மற்றொரு காவல். அச்சாவையும் வைரசு தொடக்கத்தில் தாமதப்படுத்தித் தான் பெருகுவதற்கு வேண்டிய காலத்தைப் பெற்றுக்கொள்கின்றது.

இவற்றினும் விந்தையானது பிறபொருளெதிரியின் நிலை. 1960களில் பாங்கொக் சிறுவரை ஆராய்ந்த ஸ்கொட் ஹால்ஸ்டெட், இரண்டாம் முறை தொற்றுண்டோரிடையே நோய் கடுமையாதலை எடுத்துக்காட்டினார். முதல் தொற்றில் உண்டான பிறபொருளெதிரி அதே வகையினின்றும் காக்கும். பிறிதொரு வகை நுழையும்போதோ, அதனை முற்றாக அடக்க இயலாது பற்றிக்கொண்டு, வெண்குழியங்களுள் அது புக வழிசெய்வதும் உண்டு. காவலனே பகைவனுக்குக் கதவு திறந்துவிடுகின்றான்.

2017 இல் இவ்வுண்மை இலங்கையின் முன் பெருந்துயராய் எழுந்தது. அதற்கு முந்திய ஆண்டுகளில் முதலாம் வகையே மேலோங்கியிருந்தது. அவ்வாண்டில் இரண்டாம் வகை பரவியது. 1,86,101 பேர் நோயுற்றதாக அறிவிக்கப்பட்டது. 440 பேர் மாண்டனர். அவ்வாண்டின் பெருமழையும் அகற்றப்படாத குப்பையும் நுளம்பைப் பெருக்கின என்பது மெய்யே. எனினும், புதிய வகையை எதிர்கொள்ள இயலாத மக்கட்கூட்டம் முன்னரே உருவாகியிருந்தது என்பதும் மெய்யே.

எனவே, டெங்குவின் வரலாறு நகரம், மனித உடல், வைரசு என்னும் மூன்றின் வரலாறாகும். ஒருமுறை நோயுற்றுத் தேறியவர் இனி அச்சமில்லை என்றிருத்தல் தகாது. அவருக்கே விழிப்பு மிகுதியும் வேண்டும். சென்ற தொற்று எதுவென அறியாத சமூகம் வரும் தொற்றை அளவிட மாட்டாது. கொள்ளை நோயின் கடந்த காலத்தைப் பேணிக் கற்பது ஏட்டுக் கல்வி மட்டுமன்று. உயிர் காக்கும் பணியுமாகும்.