எழுத்துருக் கலையின் ஆசான் ஆர்.கே. ஜோஷி



2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் கணினியில் தமிழ் படிக்கத் தொடங்கியோர் ‘லதா’ என்னும் எழுத்துருவை மறந்திருக்க மாட்டார்கள். விண்டோஸ் 2000, விண்டோஸ் எக்ஸ்பி ஆகிய இயங்குதளங்களில் யூனிகோடு தமிழுக்கென மைக்ரோசாப்ட் நிறுவனம் இணைத்து வழங்கிய எழுத்துரு அது. நம்மில் சிலர் பயிற்சித்தாள் தயாரித்ததும் அதில்தான். அதனை வினய் சாய்னேகர் என்பவரைக் கொண்டு நெறிப்படுத்தி உருவாக்கியவர், மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்ட கவிஞர் ரகுநாத் ஜோஷி (1936–2008).

ஜோஷி பம்பாயின் ஜே.ஜே. கலைக்கல்விக் கூடத்தில் பயின்றவர். ‘உல்கா’ விளம்பர நிறுவனத்தில் கலை இயக்குநராகப் பல்லாண்டுகள் பணியாற்றினார். 1983 முதல் 1996 வரை பம்பாய் ஐ.ஐ.டி.யின் தொழிலக வடிவமைப்பு மையத்தில் பேராசிரியராக இருந்து, எழுத்தணிக்கலையும் அச்செழுத்து வடிவமைப்பும் கற்பித்தார். ஓய்வுக்குப் பின்னர், மும்பையில் இருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையத்தில் இந்திய மொழி எழுத்துருக்களை உருவாக்கும் பணியில் ஈடுபட்டார். தேவநாகரிக்குரிய ‘மங்கள்’ எழுத்துருவும் அவர் நெறிப்படுத்தியதே.

அப்பணியின் அருமையை உணரத் தமிழெழுத்தின் இயல்பை நினைத்துப் பார்த்தல் வேண்டும். ‘கொ’ என்னும் எழுத்தைக் கணினி நினைவில் கொள்ளும்போது ககரத்தின் பின் ஒரே உயிர்க்குறிதான் இருக்கும். திரையில் அது பிரிந்து ககரத்தின் இருபுறமும் நிற்க வேண்டும். ‘கு’, ‘சு’, ‘டு’, ‘து’ என்பவற்றிலோ உகரம் எழுத்துக்கு எழுத்து வேறு வடிவம் கொள்கிறது. நமக்குப் பழக்கத்தால் வந்துவிட்ட இவற்றைக் கணினி தானாக அறியாது. ஒவ்வொரு விதியையும் ஒன்று விடாமல் அதற்குச் சொல்லித்தர வேண்டும்.

முதலாம் ஆண்டு மாணவர்க்கு எழுத்தறிவிக்கும் ஆசிரியர்க்கு இப்பணி புதிதன்று. விளம்பரத் துறை ஜோஷியின் கண்ணைப் பழக்கியது. வகுப்பறையோ, கண் கண்டதை விதியாக விளக்கப் பழக்கியது. இவ்விரண்டும் சேர்ந்த இடத்தில்தான் அவருடைய எழுத்துருப் பணி நடந்தது என்பது என் கருத்து.

லதாவின் வளைவுகள் என் கண்ணுக்குச் சற்று விறைப்பாகவே தோன்றும். 2012இல் வெளிவந்த விண்டோஸ் 8இல் ‘நிர்மலா’ அதன் இடத்தைப் பிடித்தது. எனினும், தனிச் செயலியோ எழுத்துருவோ தேடி நிறுவாமல், வாங்கிய கணினியிலேயே தமிழைப் படிக்கலாம் என்ற நிலைக்கு வழியமைத்தவற்றுள் லதாவும் ஒன்று. அந்நன்றியை மறத்தல் ஆகாது.

“தட்டச்சு இருக்கையில் கையெழுத்துப் பயிற்சி எதற்கு?” என்று பெற்றோர் சிலர் வினவுகின்றனர். திரையெழுத்துக்கு வடிவம் தந்த ஜோஷி எழுதுகோல் பிடித்துப் பழகிய எழுத்தணிக் கலைஞர். எங்கே தொடங்குவது, எங்கே வளைப்பது, எங்கே முடிப்பது என்பதைக் கை அறிந்த பின்னரே பொறிக்கு உரைக்க இயலும். நாளை தமிழுக்குப் புதிய எழுத்துரு வரையப்போகும் பிள்ளை இன்று நம் வகுப்பில் இருக்கலாம். அப்பிள்ளையின் விரல்களுக்கு முதலில் எழுத்தைப் பழக்குவோம்.

தமிழன்புடன்.