கோலார் தங்கவயலிலிருந்து அம்பரப்பர் மலைக்கு

சென்ற வாரம் டெல்லியில் உள்ள பெல்லட்ரான் கருவியைப் பார்த்தோம். 1.5 கோடி வோல்ட் மின்னழுத்தத்தைக் கொண்டு கார்பன் போன்ற கன அயனிகளை முடுக்கிவிடும் கருவி அது. ஆனால் அதைவிடப் பல கோடி மடங்கு ஆற்றலோடும் அணுக்கருக்கள் விண்ணிலிருந்து நம் தலைக்கு மேல் வந்துகொண்டுதான் இருக்கின்றன. அந்தக் காஸ்மிக் கதிர்களில் பத்துக்கு ஒன்பது புரோட்டான். மிச்சத்தில் பெரும்பாலானவை ஹீலியம். கொஞ்சம் இரும்பு வரையிலான கன அணுக்கருக்கள்.

இவை காற்றில் மோதிச் சிதறும்போது மியூவான், நியூட்ரினோ என்ற துகள்கள் பிறக்கின்றன. நியூட்ரினோ பூமியையே ஊடுருவிப் போகும். அரிதாக மட்டுமே எதன்மீதாவது மோதும். அந்த ஓர் அரிய மோதலைப் பதிவுசெய்ய வேண்டுமானால், மழையாகக் கொட்டும் மியூவான்களை முதலில் தடுக்க வேண்டும். அதற்குத்தான் மலை வேண்டும், அல்லது ஆழ்ந்த சுரங்கம்.

இந்தியாவுக்குக் கிடைத்தது சுரங்கம். பல தலைமுறைத் தமிழ்த் தொழிலாளர்கள் வெட்டிய கோலார் தங்கவயலில், தரைக்குக் கீழே 2 கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையம், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் கருவிகளை நிறுத்தினார்கள். காற்று மண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் தடம் 1965இல் அங்கே பதிவானது. அதே ஆண்டு தென்னாப்பிரிக்கச் சுரங்கம் ஒன்றிலும் அது தென்பட்டது. உலகில் முதன்முதலாகக் கிடைத்த சான்றுகள் இவைதாம்.

1990களின் தொடக்கத்தில் கோலார் ஆய்வு நின்றது. 2001இல் சுரங்கமே மூடப்பட்டது. விட்ட இடத்திலிருந்து தொடர ஒரு மலையைத் தேடினார்கள். முதலில் பார்த்தது நீலகிரியின் சிங்காரா. யானைகளின் வழித்தடமும் முதுமலையும் அருகில் இருந்ததால் 2009இல் அனுமதி கிடைக்கவில்லை. பிறகு தேர்வானது தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தை ஒட்டிய அம்பரப்பர் மலை.

சார்னோகைட் என்ற உறுதியான பாறை. உயரம் 1,589 மீட்டர். மலைக்குள் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் குடைந்தால், தலைக்கு மேல் 1 கிலோமீட்டருக்கும் அதிகமான பாறை மூடியிருக்கும். அங்கே காந்தமூட்டிய 50,000 டன் இரும்புத் தகடுகளை அடுக்கி, இடையிடையே கண்ணாடியாலான துகள் உணரிகளைச் செருகுவது திட்டம். நியூட்ரினோ இரும்பில் மோதினால் மியூவான் தெறிக்கும். காந்தப்புலத்தில் அது எந்தப் பக்கம் வளைகிறது என்பதை வைத்து, வந்தது நியூட்ரினோவா, அதன் எதிர்த்துகளா என்று பிரித்தறியலாம். கருவி எந்தத் துகளையும் உண்டாக்காது. இயற்கையாக வருவதைப் பதிவுசெய்யும், அவ்வளவுதான்.

2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மதிப்பு சுமார் 1,500 கோடி ரூபாய். வைகோ தொடுத்த வழக்கில், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு இல்லாமல் வேலை தொடங்கக் கூடாது என்று அதே ஆண்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை விதித்தது. மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கிலோமீட்டருக்குள் இருப்பதைப் பூவுலகின் நண்பர்கள் அமைப்பு பசுமைத் தீர்ப்பாயத்துக்குக் கொண்டுபோனது. 2017இல் சுற்றுச்சூழல் அனுமதி நிறுத்திவைக்கப்பட்டது. மறு ஆண்டே மத்திய அரசு சிறப்புத் திட்டமாகக் கருதி மீண்டும் அனுமதித்தது.

அடிவாரத்தில் உள்ள போடிக்காரர்களுக்கு இந்த மலைத்தொடர் வெறும் பாறையல்ல. விடியும் முன்னே ஜீப்பில் போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகிறவர்களும், கீழே கிணற்றுப் பாசனத்தை நம்பியிருப்பவர்களும் மலையின் ஈரத்தில்தான் பிழைக்கிறார்கள். வெடிவைத்துக் குடைந்தால் ஊற்றுக்கண் என்னாகும் என்று அவர்கள் கேட்டதை அறியாமை என்று ஒதுக்கியது பெரும் தவறு. நியூட்ரினோவால் யாருக்கும் கேடில்லை என்ற விளக்கம் உண்மைதான். ஆனால் அது அவர்களின் கேள்விக்குப் பதிலல்ல. சம்பல் ஆறு, கொட்டகுடி ஆறு ஆகியவற்றின் நீர்ப்பிடிப்பையும் புலிகளின் வழித்தடத்தையும் சுட்டிக்காட்டி, திட்டம் வேண்டாம் என்று 2022இல் தமிழக அரசும் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது.

இதற்கிடையே மதுரையில் 85 டன் எடையுள்ள முன்மாதிரிக் கருவி உருவாகி, மியூவான் தடங்களைப் பதிவுசெய்தது. இளம் ஆய்வாளர்கள் பலருக்கு அதுவே பயிற்சிக்கூடம்.

மலையைக் குடையாமல், திறந்தவெளியிலேயே காஸ்மிக் கதிர்களை அளக்கும் இன்னொரு கூடம் ஊட்டியில் இருக்கிறது. 2014 டிசம்பர் 1 அன்று அதன்மேல் கடந்துபோன இடிமேகத்துக்குள் சுமார் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததை மியூவான்களைக் கொண்டே கணக்கிட்டார்கள். அந்தக் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)